இரண்டாம் முறை கத்தி வைப்பதற்கு முன்: அமில எதுக்களிப்பும் மறு அறுவையும்

மும்பையில் வாழும் தமிழர் ஒருவர் தம் நெஞ்சில் நடப்பதை மருத்துவரிடம் சொல்ல முற்பட்டால், முதலில் மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நெஞ்செரிச்சலை இந்தியில் 'ஜலன்' என்றும் மராட்டியில் 'ஜள்ஜள்' என்றும் சொல்லிவிடலாம். புளித்த ஏப்பத்துக்குக் 'கட்டி டகார்' இருக்கிறது. ஆனால் குனிந்தால் வாய்வரை புளிநீர் ஏறிவரும் எதுக்களிப்புக்குச் சட்டென்று சொல் அகப்படாமல் பலர் 'உல்டி' என்று வாந்தியைச் சொல்லிவிடுகிறார்கள். விழுங்கிய சோறு நெஞ்சுக்குழியிலேயே நிற்பதையோ 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மருந்துக் கடைக்காரருக்கு இந்த வேறுபாடுகள் பொருட்டல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். அறுவை மருத்துவருக்கோ இவை நான்கும் நான்கு வேறு செய்திகள். அவற்றுள் சில அறுவையால் தீரும், சில தீரா, ஒன்று அறுவையாலேயே வரக்கூடியது.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவருடன் துணைக்குப் போனபோதுதான் இது எனக்கு உறைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பக்கத்தில் எதுக்களிப்புக்காக அறுவை செய்துகொண்டு வந்தவர் அவர். மறுபடியும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டதால், "ஆபரேஷன் ஃபெயில் ஆயிட்டு, திரும்பப் பண்ணணுமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கலங்கிப்போயிருந்தார். "அண்ணாச்சி, எரியுதா, இல்ல சோறு நிக்குதா?" என்று மருத்துவரின் கேள்வியை நான் தமிழில் கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு, "நிக்குது தம்பி. நின்னா எரியுது" என்றார். அதுவரை எந்தத் தாளிலும் எழுதப்படாத வாக்கியம் அது.

எதுக்களிப்பு நோய்க்கான அறுவை எதைச் சரிசெய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அது எவ்வாறு கெடுகிறது என்பது விளங்கும். உணவுக்குழாய் நெஞ்சறைக்குள் இறங்கி, உதரவிதானத்திலுள்ள ஒரு துளை வழியாக வயிற்றறைக்குள் நுழைந்து இரைப்பையோடு சேர்கிறது. அந்தச் சந்திப்பில் அமிலத்தை மேலே விடாமல் தடுப்பவை இரண்டு: உணவுக்குழாயின் கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரில் இறுகியிருக்கும் சுருக்குத்தசை ஒன்று, அதை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் உதரவிதானத் தசை மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்வரை, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் காவல் உறுதியாக இருக்கும். துளை அகன்று, இரைப்பையின் மேல்முனை நெஞ்சறைக்குள் ஏறிவிட்டால் கதவு ஓரிடத்திலும் தாழ்ப்பாள் வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடும். இதற்குத்தான் ஹையேட்டஸ் ஹெர்னியா என்று பெயர். மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் நெஞ்சறையின் அழுத்தம் குறைந்து வயிற்றின் அழுத்தம் கூடுகிறது என்பதால், மேலே இழுக்கும் விசை நாள் முழுதும் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறது. அறுவை மருத்துவர் போடும் ஒவ்வொரு தையலும் இந்த விசைக்கு எதிராகத்தான் நிற்க வேண்டும். இருமலும் வாந்தியும் பளுத்தூக்கலும் அதைப் பன்மடங்காக்குகின்றன.

இங்கிலாந்தின் பிலிப் அலிசன் 1951இல் இந்த ஹெர்னியாவை இறக்கித் தைப்பதே எதுக்களிப்புக்கு மருந்து என்று எழுதினார். இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு தம் நோயாளிகளைத் திரும்பிப் பார்த்து, அவர்களில் பெரும்பங்கினருக்கு நோய் மீண்டுவிட்டதை அவரே வெளியிட்டார். ஒரு மருத்துவர் தம் பெயர் தாங்கிய அறுவையின் தோல்வியைத் தாமே எண்ணிச் சொல்வது எளிதில் காணக்கூடியதன்று.

இன்று உலகெங்கும் செய்யப்படும் அறுவை ருடால்ஃப் நிஸ்ஸெனிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்த யூதரான அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறி இஸ்தான்புல்லில் பணியாற்றினார். அங்கே ஒரு நோயாளியின் உணவுக்குழாய்க் கீழ்முனையை அகற்றிவிட்டு இரைப்பையோடு இணைக்க நேர்ந்தபோது, இணைப்பு கசியாமலிருக்க இரைப்பையின் தளர்ந்த மேற்பகுதியை அதன்மேல் போர்த்திவிட்டார். ஆண்டுகள் கழிந்த பின் அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை என்பதைக் கவனித்ததிலிருந்து வளர்ந்த எண்ணம், 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தனி அறுவையாக வடிவெடுத்து, 1956இல் அச்சேறியது. இடையில், 1948இல், நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைச் செல்லோபேன் தாளால் சுற்றிவைத்தவரும் இவரே. சுற்றிவைப்பது அவர் கைக்குப் பழகிய வேலைபோலும்.

ஃபண்டோபிளிகேஷன் என்று அழைக்கப்படும் அந்த அறுவையை நம் ஆட்களுக்கு விளக்குவது எளிது. தோளில் கிடக்கும் துண்டின் ஒரு முனையைப் பிடரி வழியாக மறுபக்கம் கொண்டுவந்து, இரு முனைகளையும் முன்கழுத்தில் சேர்த்துத் தைத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் பின்புறமாக இழுத்துவந்து முன்னால் தைப்பதுதான் அது. அதற்கு முன், நெஞ்சறைக்குள் ஏறியதைக் கீழே இழுத்து, உணவுக்குழாயின் இரண்டரை மூன்று சென்டிமீட்டராவது இழுவிசையின்றி வயிற்றறைக்குள் நிற்குமாறு செய்து, அகன்ற துளையின் இரு ஓரத் தசைகளையும் தைத்துக் குறுக்க வேண்டும். முழுவதும் சுற்றினால் நிஸ்ஸென் முறை. முக்கால் சுற்று பின்புறமாக வந்தால் அது 1963இல் வந்த டூபே முறை. முன்புறம் பாதிச் சுற்று மட்டும் என்றால் 1962இல் வந்த டோர் முறை. நிஸ்ஸென் முதலில் செய்த சுற்று நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்ததால் விழுங்குவது கடினமாயிற்று. ஏப்பமே வராமல் வயிறு உப்பிக்கொண்டது. 1970களில் தளர்வான சுற்றும், 1986இல் டிமீஸ்டரின் குழு காட்டிய ஒரு சென்டிமீட்டர் அளவிலான குட்டைச் சுற்றும் அந்தத் தொல்லைகளைத் தணித்தன. எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விக்கான விடை இன்றும் ஓரளவு மருத்துவரின் கையில்தான் இருக்கிறது.

1991இல் பெல்ஜியத்தில் டாலெமான்யும் கனடாவில் கியேகியாவும் இதை லேப்ராஸ்கோபி வழியாகச் செய்து காட்டிய பின், வயிற்றைக் கிழிக்காமல் ஐந்து சிறு துளைகளில் முடிகிற அறுவையாக இது மாறியது. மும்பைக்கு இந்தக் கலை புதிதன்று. 1990இல் ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோபிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். அவ்வளவு முன்னதாக இக்கருவி வந்து சேர்ந்த ஊர் இது. வலி குறைந்து, இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம் என்றானதும், அறுவைக்கு ஒப்புக்கொள்வோரின் எண்ணிக்கை உலகெங்கும் ஏறியது. சற்றுக் காத்திருந்தால் மாத்திரையிலேயே அடங்கியிருக்கக்கூடியவர்களும் அதில் சேர்ந்தார்கள். மறு அறுவைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஏனெனில், 1988இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோலும் அதன் பின் வந்த பான்டபிரசோல், எசோமிப்ரசோல் போன்றவையும் அமிலச் சுரப்பையே அடக்கி, பெரும்பாலோரின் நெஞ்செரிச்சலைத் தீர்த்துவிடுகின்றன. எசோமிப்ரசோலையும் லேப்ராஸ்கோபி அறுவையையும் நேருக்கு நேர் நிறுத்திய ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 554 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 92 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 85 விழுக்காடு. வாய்வரை ஏறிவரும் எதுக்களிப்பை அடக்குவதில் அறுவை முந்தியது. விழுங்கும் சிரமமும் வயிற்று உப்புசமும் அறுவைப் பிரிவில்தான் கூடுதலாக இருந்தன. ஆகவே மாத்திரையில் நலமாக இருப்பவருக்கு அறுவை என்பது கட்டாயமன்று, ஒரு தெரிவு. வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டாம் என்பவர்கள், எரிச்சல் அடங்கியும் இரவில் நீர் ஏறி இருமலோடு விழித்துக்கொள்பவர்கள், பெரிய ஹெர்னியா உள்ளவர்கள், மாத்திரைக்கும் அடங்காத புண் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் அது பொருந்துகிறது.

மாத்திரைக்கு அடங்கவில்லை என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மாத்திரை வேலை செய்யவில்லை என்று வந்த 366 பேரைச் சேர்த்தார்கள். காலை, மாலை உணவுக்கு முன் முறையாக ஒமிப்ரசோல் எடுக்க வைத்தபோது அவர்களில் 42 பேருக்கு அதிலேயே குணமாகிவிட்டது. 99 பேருக்கு எரிச்சல் இருந்ததேயொழிய அதற்குக் காரணமான எதுக்களிப்பு இல்லை. வேறு சிலருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது. விலகியவர்களும் கழிக்கப்பட்டவர்களும் போக, உண்மையிலேயே மாத்திரைக்கு அடங்காத எதுக்களிப்பு என்று நிறுவப்பட்டவர்கள் 78 பேரே. அந்த 78 பேருள் அறுவை செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினர் தேறினார்கள். கூடுதல் மருந்துகள் பெற்றவர்களில் தேறியவர்கள் 28 விழுக்காடுதான். அறுவையின் பக்கம் நிற்பவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். 366 எப்படி 78 ஆனது என்பதே அந்த ஆய்வின் பெரிய செய்தி என்று எனக்குப் படுகிறது. சல்லடையில் சலித்தெடுத்தவர்களுக்குத்தான் அறுவை அப்படிப் பலித்தது.

நம் ஊர்ப் பழக்கத்தில் இந்தச் சல்லடை எளிதில் தவறிவிடுகிறது. தாராவியிலிருந்தோ கோலிவாடாவிலிருந்தோ வேலைக்குப் போகிறவர், காலையில் கட்டிங் சாயாவையும் வடாபாவையும் முடித்த பிறகு நினைவு வந்து மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் வெறும் வயிற்றில் போட்டால்தான் அந்த மருந்து முழுப் பயன் தரும். இரவு பத்தரைக்கு வீடு வந்து, சாப்பிட்ட கையோடு படுக்கையை விரிப்பதைத் தவிர வழியில்லாத வாழ்க்கையில், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்ணுங்கள் என்ற அறிவுரை பகடியாகவே தோன்றும். ஆனாலும் மாத்திரை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இவற்றை நேர்செய்து பார்க்கும் கடமை இருக்கத்தான் செய்கிறது. இங்கே ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் தோள்வலியும் சேர்ந்து வந்தால் அதைக் கேஸ் என்று எண்ணி ஈனோ கரைத்துக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, இதயத்தைச் சோதித்த பிறகுதான் இரைப்பையின் பேச்சு.

அறுவைக்கு முன் தேவைப்படும் சோதனைகள் நான்கு. எண்டோஸ்கோபி, புண்ணையும் ஹெர்னியாவையும் காட்டும். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரே, உறுப்புகளின் இருப்பிடத்தைப் படம்போல் காட்டும். மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் பி.எச். சோதனை, உணவுக்குழாய் எவ்வளவு நேரம் அமிலத்தில் நனைந்திருக்கிறது என்று கணக்கிடும். ஒரு நாளில் ஆறு விழுக்காட்டுக்கு மேல் என்றால் நோய் உறுதி, நாலு விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் இயல்பு என்பது 2018இல் வெளியான லியோன் உடன்பாட்டின் அளவுகோல். நான்காவதான மனோமெட்ரி, உணவுக்குழாயின் தசை உணவைத் தள்ளும் வலுவை அளக்கிறது. பலர் தவிர்த்துவிடும் சோதனையும் இதுவே, தவிர்த்தால் பெருங்கேடு விளைவதும் இதில்தான். சுருக்குத்தசை திறக்கவே மறுக்கும் அகலேசியா என்ற நோயிலும் உணவு தேங்கிப் புளித்து மேலே வரும், நெஞ்சு எரியும். திறக்காத கதவின்மேல் இன்னொரு சுற்றும் சுற்றித் தைத்துவிட்டால் அந்த நோயாளி தண்ணீர்கூட இறங்காமல் தவிக்க நேரும். அது மறு அறுவை ஆகாது. முதல் அறுவையே தவறிய இடத்தில் நடந்திருக்கிறது.

சரியானவருக்குச் சரியாகச் செய்த அறுவையும் கெடுவது உண்டு. கெடும் விதங்கள் சிலவே என்பதால் மறு அறுவையைத் திட்டமிட முடிகிறது. மிகுதியாகக் காணப்படுவது, துளையில் போட்ட தையல் விட்டுப்போய், சுற்று முழுதாகவே நெஞ்சறைக்குள் ஏறிவிடுவது. சுற்று தன் இடத்திலேயே இருக்க, இரைப்பையின் ஒரு பகுதி மட்டும் அதன் ஊடாக வழுக்கி மேலேறி நிற்பதும் உண்டு. அப்போது சுற்று உணவுக்குழாயைப் பிடிக்காமல் இரைப்பையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், மேலே ஒரு பையும் கீழே ஒரு பையுமாக எரிச்சலும் அடைப்பும் சேர்ந்தே வரும். இந்த நிலை, நழுவியதால் மட்டுமன்றி, முதல் நாளிலேயே இடம் மாற்றித் தைத்ததாலும் நேரலாம். தையல் அவிழ்ந்து சுற்று பிரிந்துபோவது இன்னொரு விதம். மடித்த விதமே கோணலாகிச் சுற்று முறுக்கிக்கொள்வது மற்றொன்று. எல்லாம் சரியாக இருந்தும் இறுக்கம் மட்டும் மிகுந்துபோவது வேறு. நீண்ட கால அழற்சியால் உணவுக்குழாயே தழும்பேறிக் குட்டையாகியிருந்தால், கீழே இழுத்துத் தைத்ததெல்லாம் ரப்பர்போல் மேலே இழுத்துக்கொள்ளும். அதற்காக இரைப்பையின் ஒரு கீற்றைக் குழாயாக்கி நீளம் கூட்டும் முறையை இங்கிலாந்தின் காலிஸ் 1957இல் வகுத்தார். குட்டையாக இருப்பதை அறுவை மேசையில் அளந்து பார்க்காமல் விட்டுவிடுவதும் தோல்விகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காரணங்களில் ஒன்று.

துளைக்கு வலை வைத்துத் தைத்தால் நிலைக்காதா என்று கேட்பார்கள். தொப்புள் ஹெர்னியாவுக்கு வைப்பதுபோல்தானே என்பது நியாயமான கேள்வி. பெரிய ஹெர்னியாக்களுக்கு உயிரித் திசுவால் ஆன வலையை வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் வலை வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் ஹெர்னியா திரும்பியிருந்தது; வலை வென்றுவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஐந்தாண்டு தாண்டிப் படமெடுத்தபோது 54 விழுக்காடும் 59 விழுக்காடுமாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. இவ்வளவு பேருக்குப் படத்தில் ஹெர்னியா திரும்பியிருந்தும், மறு அறுவைக்குப் போக வேண்டி வந்தவர்கள் மிகச் சிலரே என்பது அதே ஆய்வில் உள்ள மற்றொரு செய்தி. படத்தில் தெரிவதெல்லாம் நோயாகிவிடாது. மறுபுறம், செயற்கை வலை நாளடைவில் உணவுக்குழாயின் சுவரை அரித்து உள்ளே நுழைந்துவிட்டால், அடுத்த அறுவை உணவுக்குழாயையே அகற்றும் அளவுக்குப் போய்விடலாம். உணவுக்குழாயைச் சுற்றி வெளிப்பொருள் வைப்பதில் மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது: 1979இல் வந்த ஏஞ்செல்சிக் என்ற சிலிக்கான் வளையம் நகர்ந்தும் அரித்தும் ஏராளமானோருக்கு எடுக்கப்பட வேண்டியதாயிற்று. 2012இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற காந்த மணி வளையத்தைப் பலர் எச்சரிக்கையோடு பார்ப்பதற்கு அந்தப் பழைய நினைவும் காரணம்.

இனி, மறுபடியும் மாத்திரை தொடங்கியவர்களைப் பற்றி. சுவீடனில் 2005க்கும் 2014க்கும் இடையே லேப்ராஸ்கோபி அறுவை செய்துகொண்ட 2,655 பேரின் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்ததில், 17.7 விழுக்காட்டினருக்கு, அதாவது 470 பேருக்கு, எதுக்களிப்பு மீண்டதாகக் கணக்கிடப்பட்டது. அந்த 470 பேரில் மறு அறுவைக்குப் போனவர்கள் 77 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் மாத்திரைக்குத் திரும்பினார்கள். பொதுவாக, முதல் அறுவை செய்துகொண்ட நூறு பேரில் மூன்றிலிருந்து ஆறு பேர்வரை மறு அறுவைக்கு உள்ளாகிறார்கள் என்பது மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் அளவு. மாத்திரை எடுப்பதையே நோய் மீண்டதற்கான சான்றாகக் கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறுவைக்குப் பின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பி.எச். சோதனைக்கு உட்படுத்தியவர்கள், அவர்களில் மிகுதியானோரின் உணவுக்குழாயில் அமிலமே ஏறவில்லை என்று கண்டிருக்கிறார்கள். உப்புசத்துக்கும், ஏப்பம் வராத தவிப்புக்கும், உணவு நிற்பதற்கும், பழக்கத்தினாலும், பக்கத்து வீட்டார் பேச்சினாலும் மாத்திரை எடுக்கப்படுகிறது.

ஆகவே மறு அறுவை பற்றி முடிவெடுக்கும் மருத்துவர் மூன்றையும் ஒருங்கே காண விரும்புவார்: நோயாளி படும் துன்பம், அதற்கு ஒத்துப்போகிற அளவீடு, அவ்விரண்டையும் விளக்குகிற உடலமைப்புப் பிழை. துன்பம் இருந்து அளவீடு இயல்பாக இருந்தால் கத்தி எதையும் தீர்க்காது. பிழை தெரிந்து துன்பம் இல்லையென்றால் காத்திருக்கலாம். முதல் அறுவைக்கு முன் எந்தத் தொல்லை இருந்ததோ அதுவே பின்னும் ஒரு நாள்கூடக் குறையாமல் நீடித்திருந்தால், சுற்று கெட்டுவிட்டதா என்று பார்ப்பதற்கு முன், முதலில் கண்ட நோயே சரிதானா என்று ஐயப்பட வேண்டும். சில ஆண்டுகள் நன்றாக இருந்து, ஒரு நாள் கடும் வாந்திக்கோ பெரும் பளுவைத் தூக்கியதற்கோ பிறகு எதுக்களிப்பு திடீரெனத் திரும்பியவரின் கதை வேறு. அங்கே தையல் விட்டிருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களையும் கேன்களையும் மாடிக்கு ஏற்றுவது அன்றாட வேலையாக இருக்கும் வீடுகளில், அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குப் பளுத்தூக்காதீர்கள் என்ற ஒரு வரியை வீட்டிலுள்ள எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள. அறுவை முடிந்த சில நாள்களுக்குள் கடும் ஓங்கரிப்பால் சுற்று நெஞ்சறைக்குள் பாய்ந்துவிட்டால், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதற்கு முன் உடனே இறக்கித் தைத்துவிடுவதே எளிது. ஏறிய இரைப்பை முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத வலியும் வெற்று ஓங்கரிப்புமாக வந்தால் அது அவசர நிலை. முதல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் உணவு சற்று நின்று இறங்குவதோ எதிர்பார்க்கப்பட்டதே. வீக்கம் வடியும்வரை கஞ்சி, ரசம் சாதம், நன்கு ஊறிய இட்லி என்று ஓட்ட வேண்டியதுதான்.

மறு அறுவை என்பதை முதல் அறுவையின் மறுபதிப்பு என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். கல்லீரலின் இடப்பகுதி பழைய சுற்றோடு ஒட்டிக் கிடக்கும். உணவுக்குழாயோடு ஒட்டி ஓடும் வேகஸ் நரம்புகள் தழும்புக்குள் புதைந்திருக்கும். அவை அறுபட்டால் இரைப்பை தன் வேலையை மறந்து, உண்டது மணிக்கணக்கில் தேங்கும். மருத்துவர் முதலில் பழைய சுற்றை முற்றிலும் பிரித்து, உறுப்புகளை இயற்கை அமைப்புக்குக் கொண்டுவந்து, முன்பு எது கெட்டது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே புதிதாகக் கட்டத் தொடங்க வேண்டும். பிரிக்காமல் மேலே இரண்டு தையலைப் போட்டு முடிப்பது மூன்றாவது அறுவைக்கு நாள் குறிப்பதாகும். பிரிக்கும்போது இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ துளை விழக்கூடும் என்பதால், அறுவைக்கு இடையிலேயே எண்டோஸ்கோப்பை உள்ளே செலுத்திச் சரிபார்க்கிறார்கள். 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 4,500க்கும் மேற்பட்டவர்களின் மறு அறுவைகளைத் திரட்டிப் பார்த்தது. அறுவையின்போதே சிக்கல் நேர்ந்தது ஏறத்தாழ 21 விழுக்காட்டில், இறப்பு 0.9 விழுக்காடு, பலன் கண்டவர்கள் சுமார் 81 விழுக்காடு. நூற்றுக்கு எண்பது என்பது குறைவன்று. ஆயினும் அது முதல் அறுவைக்குரிய அளவைவிடக் கீழேதான் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது என்று போகப்போக இன்னும் சரிகிறது.

உடற்பருமன் மிகுந்தவர்களுக்கு மீண்டும் சுற்றித் தைப்பதைவிட, இரைப்பையின் சிறு மேற்பையை மட்டும் வைத்துக்கொண்டு குடலை நேராக இணைக்கும் பைபாஸ் அறுவை பொருத்தமாக இருக்கும் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். அமிலமும் பித்தமும் ஏற வழியின்றிப் போவதோடு எடையும் இறங்குகிறது. அதே எடைக்குறைப்புக்காகப் பலரும் நாடும் ஸ்லீவ் அறுவையோ எதுக்களிப்பைப் பலருக்கு மிகுவிக்கிறது. இரண்டும் ஒரே விளம்பரப் பலகையில் அருகருகே இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

எல்லாவற்றிலும் மலிவானதும், மும்பைத் தமிழர்களிடம் பெரும்பாலும் இல்லாததுமான ஒன்று, முதல் அறுவையின் விவரக் குறிப்பு. அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ள அம்மாவோ அக்காவோ இருப்பார்கள் என்பதால் ஊருக்குப் போய்ச் செய்துகொள்கிறோம். தொல்லை வந்தால் இங்கே காட்டுகிறோம். கையில் இருப்பதோ டிஸ்சார்ஜ் தாள் மட்டும். அதில் அறுவையின் பெயரும் மருந்துகளும் இருக்குமேயன்றி, முழுச்சுற்றா முக்கால் சுற்றா, துளைக்கு எத்தனை தையல், வலை வைக்கப்பட்டதா, இரைப்பையை மண்ணீரலோடு இணைக்கும் குட்டை இரத்த நாளங்கள் வெட்டப்பட்டனவா, உணவுக்குழாய் கீழே இறங்க மறுத்ததா என்பவை இரா. அவையெல்லாம் அறுவைக் குறிப்பு என்ற தனித் தாளில் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகின்றன. மறு அறுவைக்கு முன் மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளையும், முதல் அறுவைக்கு முந்தைய பி.எச்., மனோமெட்ரி வரைபடங்களையும்தான்.

அண்ணாச்சியின் மைத்துனர் ஊரில் அந்த மருத்துவமனைக்கு இரண்டு முறை நடந்து, குறிப்பைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். முழுச்சுற்று, வலை இல்லை என்று அதில் இருந்தது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டுச் செய்த பி.எச். சோதனையில் அமிலம் ஏறிய நேரம் இரண்டு விழுக்காட்டைத் தாண்டவில்லை. பேரியம் படத்தில் சுற்று உதரவிதானத்துக்குக் கீழே, வைத்த இடத்திலேயே இருந்தது. மனோமெட்ரியில் தசையும் இயல்பாகவே இயங்கியது. கூடவே விழுங்கவைத்த பேரியம் மாத்திரை மட்டும் சுற்றின் வாயில் வெகுநேரம் நின்றுவிட்டு இறங்கியது. ஃபெயில் ஆன அறுவை என்று அவர் அஞ்சியது, சற்றே இறுக்கமாக அமைந்த அறுவை. எண்டோஸ்கோபி வழியாகப் பலூனால் இரண்டு தடவை விரித்துவிட்டார்கள். மறு அறுவைக்கான பேச்சு அத்தோடு நின்றது. தோசையும் மீனும் சோறும் இப்போது தடையின்றி இறங்குகின்றன. பாவ் மட்டும் இன்னும் சில நாள் நெஞ்சில் நின்றுதான் போகிறது என்கிறார்.